கேள்வியோடு வந்த பாடங்கள், கேள்வி இல்லாமல் வந்த பாடங்கள்: ஒரு சமூகவியல் அறிமுக வகுப்பின் மதிப்புரை

சென்ற ஆண்டு என் மகள் இளங்கலைச் சமூகவியலில் சேர்ந்தபோது, கல்லூரிப் பாடத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று, தமிழில் நடத்தப்படும் ஓர் இணையவழி அறிமுக வகுப்பை வாங்கிக் கொடுத்தேன். நாற்பது காணொளிப் பாடங்கள், மூன்று அச்சிட்ட குறிப்பேடுகள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருபது கொள்குறி வினாக்கள், மாதம் இருமுறை ஆசிரியருடன் நேரடி உரையாடல் என்பது ஏற்பாடு. கட்டணம் 3,600 ரூபாய். அவள் பன்னிரண்டாம் பாடத்தோடு நிறுத்திக்கொண்டாள். கட்டிய பணம் வீணாகிறதே என்று கேட்கத் தொடங்கிய நான், நாற்பதையும் முடித்து, சிலவற்றை இரண்டாம் முறையும் கேட்டேன். வருவாய்த் துறையில் 27 ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன் நான். சமூகவியலை முறையாகப் படித்தவன் அல்லன். சில ஆண்டுகளாக அத்துறையின் மூல நூல்களை ஆங்கில வழியாகத் தட்டுத்தடுமாறிப் படித்துவருபவன். அந்த அளவிலேயே இம்மதிப்புரையை எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளை அவர்களுக்கே தனிக் கடிதமாக எழுதி அனுப்பியாயிற்று. மேலும், இவை இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் உரிய குறைகள் என்று நான் நினைக்கவில்லை.

பாடத்தின் ஆசிரியர் நல்ல குரல்வளம் உடையவர், வேகமாகப் பேசுவதில்லை, கரும்பலகையில் எழுதிக் காட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடாதவர். முதல் எட்டுப் பாடங்கள் அடிப்படைக் கருத்துகளுக்கும், அடுத்த பதினெட்டு சிந்தனையாளர்களுக்கும், எஞ்சியவை குடும்பம், சாதி, கல்வி, சமயம் போன்ற நிறுவனங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த வரிசையைப் பார்த்தவுடனேயே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கருத்துகளை ஒரு பகுதியிலும் அவற்றை உருவாக்கியவர்களை இன்னொரு பகுதியிலும் வைத்தால், கருத்துகள் அகராதிச் சொற்களாகவும் சிந்தனையாளர்கள் பிறப்பு, இறப்பு ஆண்டுகளாகவும் வற்றிப்போகும் அபாயம் உண்டு. ஐயம் பாதி உண்மையாயிற்று. எந்தப் பாடத்தில் ஆசிரியர் “இவருக்கு எது புரியாமல் இருந்தது?” என்று தொடங்கினாரோ அந்தப் பாடம் மனத்தில் நின்றது, எதில் வரையறையை எழுதிவிட்டு விளக்கத் தொடங்கினாரோ, அது மறுநாளே மறந்தது.

முதல் வகைக்குச் சிறந்த சான்று எமில் துர்க்கைமைப் பற்றிய மூன்று பாடங்கள். இவ்வகுப்பின் கட்டணத்தை இம்மூன்றுக்காக மட்டுமே கொடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். 1858இல் பிரான்சின் எப்பினால் ஊரில், ஒரு யூதச் சமயகுருவின் மகனாகப் பிறந்தவர் என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, ஆசிரியர் நேராக ஒரு புதிருக்கு வருகிறார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது ஒரு மனிதன் முற்றிலும் தனிமையில் எடுக்கும் முடிவு. அவ்வாறாயின், ஒரு நாட்டில் ஆண்டுதோறும் நிகழும் அத்தகைய மரணங்களின் வீதம் ஏன் பெரிதும் மாறாமல் நிற்கிறது? இவ்வாண்டு இறந்தவர்கள் வேறு, சென்ற ஆண்டு இறந்தவர்கள் வேறு. அவர்கள் ஒருவரையொருவர் அறியார். இருந்தும் எண்ணிக்கை ஒரு கணக்குக்குள் அடங்கி நிற்கிறது. கத்தோலிக்கர்களைவிடப் புரோட்டஸ்டன்ட் பிரிவினரிடையே வீதம் கூடுதலாக இருப்பதும், போர்க்காலத்தில் அது தாழ்வதும், பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்லாமல் திடீரென்று செழிக்கும்போதும் உயர்வதும் தனி மனிதர்களின் மனத்துயரத்தைக் கொண்டு விளக்கக்கூடியவை அல்ல. 1897இல் வெளிவந்த தம் ஆய்வில் துர்க்கைம் இந்தப் புதிரைத்தான் அவிழ்க்க முயன்றார். தனி மனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று உண்டு என்னும் முடிவுக்குக் கேட்பவரே வந்து சேர்ந்த பிறகுதான், ஆசிரியர் அதற்குச் சமூக நிகழ்மை என்று பெயர் எழுதுகிறார்.

அங்கிருந்து அனோமி என்னும் நெறிகுலைவு நிலைக்கு அவர் செல்லும் வழியும் அழகானது. செழிப்பு ஏன் மனிதரைக் குலைக்க வேண்டும்? ஆசைக்கு எல்லை வகுப்பது சமூகம். எல்லை எது என்பது சட்டென்று தெரியாமல் போகும்போது, கிடைத்தது எதுவும் போதாமல் ஆகிறது. பல குறிப்பேடுகளில் இந்தச் சொல்லுக்கு எதிரே ‘சட்டம் ஒழுங்கின்மை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வாறு படித்தவர் கலவரம் என்று புரிந்துகொள்வார். இப்பாடத்தைக் கேட்டவருக்கு அந்தக் குழப்பம் வராது. ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். துர்க்கைம் நம்பியிருந்த அரசுப் புள்ளிவிவரங்களே ஐயத்துக்கு உரியவை என்றும், ஒரு மரணத்தை இன்ன வகை என்று பதிவு செய்வது உறவினரும் மருத்துவரும் அதிகாரியும் சேர்ந்து எடுக்கும் முடிவு என்றும் பின்னாளில் எழுந்த வலுவான மறுப்பை ஆசிரியர் தொடவே இல்லை. இறப்புப் பதிவேடுகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு அந்த மறுப்பு மிக இயல்பாகத் தோன்றும்.

துர்க்கைமுக்குக் கிடைத்த பேறு ஜெர்மானியச் சமூகவியலர் மாக்ஸ் வெபருக்குக் கிடைக்கவில்லை. நான்கு பாடங்கள் ஒதுக்கியும், அவற்றுள் ஒன்றிலும் வெபர் எதைக் கண்டு வியந்தார் என்பது வெளிப்படவில்லை. அதிகாரத்தில் மூன்று வகை, சமூகச் செயலில் நான்கு வகை, அலுவலக ஆட்சிமுறைக்கு ஆறு இயல்புகள் என்று பட்டியல்களாகவே பாடம் நகர்கிறது. அதிலும் அலுவலக ஆட்சிமுறையைப் பற்றிய பாடம், ‘சிவப்பு நாடா, தாமதம், மெத்தனம்’ என்று தொடங்கி அவற்றிலேயே முடிகிறது. அரசு அலுவலகத்தில் இருப்பவன் என்பதால் எனக்குக் கோபம் வந்தது என்று வாசகர் எண்ணலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் வெபர் சொன்னது ஏறத்தாழ இதற்கு நேர் எதிரானது. தூய அலுவலக ஆட்சிமுறையைத் துல்லியம், வேகம், தொடர்ச்சி, ஆள் பாராமை ஆகியவற்றில் பிற ஆட்சி முறைகள் எட்ட முடியாத ஓர் இயந்திரமாக அவர் கண்டார். அந்தத் திறமையைக் கண்டுதான் அவர் அஞ்சினார். மெத்தனமான இயந்திரத்தைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இதை விளக்க ஆசிரியர் பெர்லினுக்குப் போயிருக்க வேண்டிய தேவைகூட இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கர்ணமும் மணியக்காரரும் இருந்த காலத்தை நினைவுகூர்வோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. ஊர்க் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பட்டா மாற்றம் வேண்டும் என்றால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டும். 1980இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் ஒன்றின் வழியாக அந்தப் பதவிகளை ஒழித்தது; அவற்றின் இடத்தில், தேர்வு எழுதி வந்து, மாதச் சம்பளம் பெற்று, இடமாறுதலுக்கு உட்படும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அலுவலகம் வீட்டிலிருந்து பிரிவது, பதவி சொத்தாக இல்லாமல் போவது, பணிக்கு வருவதற்குப் பிறப்பு என்பது போய்த் தகுதித் தேர்வு வருவது, எல்லாம் எழுத்தில் பதிவாவது என்று வெபர் வகுத்த இயல்புகள் அனைத்தும் இந்த ஒரே மாற்றத்துக்குள் அடங்கியிருக்கின்றன. மரபுவழி அதிகாரம் எப்படிச் சட்டவழி அதிகாரமாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பக்கத்தில் வேறு எடுத்துக்காட்டு கிடைக்காது. எழுத்துக் கோப்பின் இன்றியமையாமை பற்றி வெபர் எழுதியதை நான் முதன்முதலில் வாசித்தபோது, என் மேசைமேல் இருந்த தன்பதிவேட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். வந்த தபாலுக்கு எண் இட்டு, அது எந்த இருக்கைக்குப் போயிற்று, எந்நாளில் முடிந்தது என்று எழுதும் அந்தப் பேரேடு இருப்பதனால்தான், நான் இடமாறுதலில் போன பிறகும் என் இருக்கைக்கு வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. ஆள் போனாலும் அலுவலகம் நிற்கும் என்பதன் பொருள் அதுதான்.

வெபர் பாடங்களில் இன்னொரு தவறு மொழிபெயர்ப்பால் விளைந்தது. மாணவர்களுக்கு இதனால் உண்மையாகவே தீங்கு உண்டு. வெபரின் ஆய்வுக் கருவியான ‘ஐடியல் டைப்’ என்பதைக் குறிப்பேடு ‘இலட்சிய வகை’ என்று தருகிறது, காணொளியிலும் அதுவே. இலட்சியம் என்றால் நாம் அடைய விரும்பும் உயர்ந்த நிலை. வெபர் கருதியது அது அன்று. உலகில் சிதறிக் கிடக்கும் இயல்புகளுள் சிலவற்றை வேண்டுமென்றே மிகைப்படுத்தி, மனத்தளவில் கட்டிக்கொள்ளும் ஒரு வடிவத்தையே அவர் அவ்வாறு அழைத்தார். நடப்பில் உள்ளது அவ்வடிவத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்க அது ஓர் அளவுகோல். மதவெறிக்கும் கொள்ளைக்கும்கூட அப்படி ஒரு வடிவத்தைக் கட்டலாம். ‘இலட்சிய வகை’ என்று படித்த மாணவி, அலுவலக ஆட்சிமுறையே மிகச் சிறந்தது என்று வெபர் பரிந்துரைத்ததாகத் தேர்வில் எழுதுவாள்; என் மகள் எழுதினாள். ‘கருத்துருவ வகை’ என்றோ ‘மாதிரி வடிவம்’ என்றோ சொல்லியிருந்தால் இந்த வழுக்கல் நேர்ந்திராது. அதேபோல, நவீன வாழ்வின் ஒழுங்கு மனிதரைக் கட்டிப்போடுவதைக் குறிக்கும் புகழ்பெற்ற ‘இரும்புக் கூண்டு’ வெபரின் சொல்லாகவே பாடத்தில் வருகிறது. ஜெர்மன் மூலத்தில் உள்ளது எஃகைப் போல் உறுதியான ஓர் உறை அல்லது கூடு என்னும் பொருள் தரும் தொடர்; 1930இல் அதை ஆங்கிலத்தில் ‘இரும்புக் கூண்டு’ ஆக்கியவர் அமெரிக்கச் சமூகவியலர் டால்காட் பார்சன்ஸ். கூண்டு என்றால் வெளியே நின்று ஒருவர் நம்மை அடைத்துப் பூட்டியிருக்கிறார். உறை என்றால் அது நம் உடம்போடு ஒட்டிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

சொற்களைப் பற்றிப் பேச வந்துவிட்டதால், முதல் எட்டுப் பாடங்களில் உள்ள அடிப்படைக் கருத்துகளுக்கு இங்கேயே வருகிறேன். ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் டோனீஸ் 1887இல், உறவாலும் பழக்கத்தாலும் பிணைந்த வாழ்வை ஒரு பக்கத்திலும், ஒப்பந்தத்தாலும் பயன்கருதியும் பிணைந்த வாழ்வை இன்னொரு பக்கத்திலும் வைத்து வேறுபடுத்தினார். குறிப்பேடு முன்னதைச் ‘சமுதாயம்’ என்றும் பின்னதைச் ‘சமூகம்’ என்றும் சொல்லிவிட்டு நகர்கிறது. தமிழில் இவ்விரு சொற்களையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாகப் பயன்படுத்துகிறோம் என்பது ஒரு சிக்கல், அதைவிடப் பெரிய சிக்கல், “நீங்கள் எந்தச் சமூகம்?” என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாதியை என்பதுதான். எங்கள் அலுவலகத்தில் வழங்கப்படும் சாதிச் சான்றிதழை ஊரார் ‘கம்யூனிட்டி சர்டிபிகேட்’ என்றே அழைக்கிறார்கள். இத்தனை சுமையை ஏற்றி வைத்திருக்கும் ஒரு சொல்லைக் கலைச்சொல்லாகக் கொடுக்கும்போது, அதன் நடைமுறைப் பொருளை முதலில் எடுத்துப் பேசிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நேரடி உரையாடல் ஒன்றில் இதை நான் கேட்டபோது ஆசிரியர் சிரித்துவிட்டு, “சார், இதற்கே தனியாக ஒரு பாடம் எடுக்க வேண்டும்” என்றார். எடுத்திருந்தால் அது இவ்வகுப்பின் மிகச் சிறந்த பாடமாக அமைந்திருக்கும்.

தகுதிநிலை (சமூகத்தில் ஒருவர் வகிக்கும் இடம்), பங்கு (அந்த இடத்துக்கு உரிய நடத்தை) ஆகியவற்றைப் பற்றிய பாடம் பரவாயில்லை. ரால்ஃப் லிண்டன் 1936இல் பிரித்துக் காட்டிய பிறப்புவழித் தகுதி, முயற்சிவழித் தகுதி என்னும் இரண்டும் தெளிவாக வருகின்றன. ஒருவரே ஒரே நேரத்தில் தாயாகவும் தலைமையாசிரியராகவும் இருந்து, தன் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்த நேரும்போது எழும் பங்கு மோதல் நல்ல எடுத்துக்காட்டு. பண்பாடு, விழுமியம், வழக்கம், சமூகக் கட்டுப்பாடு ஆகியவை வரையறைகளாகவே கடந்துபோகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கும் எதுவும் இல்லை.

சமூகமயமாதல் பற்றிய பாடத்தை மீண்டும் ஒருமுறை கேட்டேன். சார்லஸ் கூலி 1902இல் சொன்ன ‘கண்ணாடியில் தெரியும் தான்’ (பிறர் நம்மை எப்படிக் காண்கிறார்கள் என்று எண்ணுவதைக் கொண்டே நம்மை நாம் அறிகிறோம்) என்னும் கருத்தையும், ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் விளையாட்டுக் கோட்பாட்டையும் ஆசிரியர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். சிறு குழந்தைகள் சொப்பு வைத்துக்கொண்டு அப்பா அம்மா விளையாட்டு ஆடும்போது, ஒரு நேரத்தில் ஒரே ஒருவருடைய இடத்தில்தான் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் வயது வந்துவிட்டால், பந்து வீசுபவன் மட்டையாளனுடைய எண்ணத்தையும், விக்கெட் காப்பாளனுடைய எதிர்பார்ப்பையும், எல்லைக்கோட்டில் நிற்பவனுடைய ஓட்டத்தையும் ஒரே நொடியில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மீட் இதற்குச் சொன்னது பேஸ்பால். ஆசிரியர் அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தது வெறும் மாற்றீடாக இல்லாமல், எல்லாரையும் ஒருங்கே உள்ளடக்கிய ‘பொதுமைப்பட்ட பிறர்’ என்னும் கடினமான கருத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பதாக அமைந்துவிட்டது. மீட் 1931இல் இறந்த பிறகு, வகுப்பில் அவர் பேசியதை மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்தே அவருடைய முதன்மையான நூல் 1934இல் தொகுக்கப்பட்டது என்று அவர் சொன்னதும், என் மகளுடைய குறிப்பேட்டை நான் சற்று மரியாதையோடு எடுத்துவைத்தேன்.

அகஸ்ட் கோம்ட் தொடங்கி ஹெர்பர்ட் ஸ்பென்சர் வரையிலான பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாம். மனித அறிவு கடந்துவருவதாகக் கோம்ட் சொன்ன இறையியல், மீபொருளியல், நேர்க்காட்சியியல் (அறிவியல்) என்னும் மூன்று நிலைகள் முறையாக வருகின்றன. ஆனால் கோம்ட் ஏன் ஒரு புதுப் பெயரைத் தேடினார் என்னும் சுவையான செய்தி விடுபட்டுவிட்டது. அவர் முதலில் தம் அறிவியலுக்கு வைத்திருந்த பெயர் சமூக இயற்பியல். பெல்ஜியப் புள்ளியியலர் கெட்லே அந்தப் பெயரைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதால், 1830க்கும் 1842க்கும் இடையில் வெளிவந்த ஆறு தொகுதிகளுள் நான்காவதில், இலத்தீன் பாதியும் கிரேக்கம் பாதியுமாக ஒட்டி, ‘சோசியாலஜி’ (சமூகவியல்) என்னும் சொல்லைக் கோம்ட் படைத்தார். இத்துறையின் பெயரே ஒரு சச்சரவில் பிறந்தது என்று தெரிந்தால் மாணவர்களுக்குச் சற்று உற்சாகம் வரும். கொள்குறி வினாக்களில் இங்கே ஒரு பிழை இருந்தது. ‘தகுதியுள்ளது பிழைக்கும்’ என்னும் தொடரைப் படைத்தவர் யார் என்ற வினாவுக்கு டார்வின் என்பதைச் சரியான விடையாக வைத்திருந்தார்கள். அது 1864இல் ஸ்பென்சர் எழுதியது. டார்வின் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல், அதை எடுத்துக்கொண்டார். ஸ்பென்சர் என்று சரியாகக் குறித்தவருக்கு மதிப்பெண் குறைந்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கார்ல் மார்க்ஸ் பற்றிய இரண்டு பாடங்களும் விசுவாசத்தோடு நடத்தப்பட்டவை. அதுவே அவற்றின் பலமும் பலவீனமும். உழைப்பவர் தாம் படைத்த பொருளிலிருந்தும், உழைக்கும் செயலிலிருந்தும், மனித இயல்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் அந்நியமாவதை விளக்கும் பகுதி சிறப்பு. ஆனால் வெபருடைய கோட்பாடே இந்த அந்நியமாதல் கருத்துக்கு எழுதிய மறுமொழிதான் என்று ஆசிரியர் சேர்த்துக்கொள்வது காலக்கணக்குக்குப் பொருந்தாது. அந்நியமாதலை மார்க்ஸ் விரிவாகப் பேசும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகள் முழுமையாக அச்சேறியது 1932இல். வெபர் 1920இலேயே இறந்துவிட்டார். வர்க்கம் என்பதற்கு மார்க்ஸ் தந்த வரையறை என்று குறிப்பேட்டில் கட்டம் கட்டி ஒரு வாக்கியம் இருக்கிறது. மார்க்ஸின் தோழர் எங்கல்ஸ் 1894இல் வெளியிட்ட, மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் தொகுதியில், வர்க்கங்கள் பற்றிய கடைசி அத்தியாயம், வர்க்கத்தை ஆக்குவது எது என்ற கேள்வியை எழுப்பிச் சில பத்திகளிலேயே அறுந்து நிற்கிறது. அந்த அறுந்த இடத்தைக் காட்டியிருந்தால், பிறகு வந்தவர்கள் ஏன் அதைப் பற்றியே இவ்வளவு வாதிட்டார்கள் என்பது விளங்கியிருக்கும். கட்டம் கட்டிய வாக்கியம் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது.

அமெரிக்கச் சமூகவியலில் பார்சன்ஸைப் பற்றிய பாடம் வறட்சியானது; அவரே அப்படித்தான் எழுதினார் என்பதால் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. ராபர்ட் மெர்ட்டனுக்கு வந்ததும் பாடம் மீண்டும் உயிர்பெறுகிறது. நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வங்கி, திவாலாகப்போகிறது என்ற வதந்தி பரவி, எல்லாரும் பணத்தை எடுக்க ஓடியதால் உண்மையிலேயே திவாலாகும் கதையோடு ‘தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்னுரைப்பு’ வருகிறது. மெர்ட்டன் 1948இல் எழுதிய கட்டுரையிலும் அத்தகைய ஒரு வங்கியின் கதை தொடக்கப் பகுதியிலேயே வருகிறது. பாடமும் அந்த வரிசையை மதித்திருக்கிறது. விதிகள் ஒரு நோக்கத்துக்காக ஏற்பட்டவை. நாளடைவில் விதியைப் பின்பற்றுவதே நோக்கமாகிவிடுகிறது என்று 1940இல் அவர் அலுவலர்களைப் பற்றி எழுதியதையும் ஆசிரியர் சொல்கிறார். வெபரின் தலையில் ஏற்றிய தாமதமும் மெத்தனமும் உண்மையில் இங்கே வந்து சேர வேண்டியவை. வெபர் பாடத்தையும் மெர்ட்டன் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் ஆசிரியரே இதைக் கண்டுகொண்டிருப்பார்.

சி. ரைட் மில்ஸுக்குத் தனிப் பாடம் இல்லை; முன்னுரையில் பத்து நிமிடம் வருகிறார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடி உழைப்பாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அங்கே பார்க்க வேண்டியது வேலைவாய்ப்பின் கட்டமைப்பை என்று அவர் 1959இல் எழுதிய கணக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. அறிமுக மாணவருக்கு அது போதும்.

‘பிறர்’ என்னும் தலைப்பில் ஹாரியட் மார்ட்டினோவையும் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸையும் ஒரே பாடத்தில் சேர்த்து முடித்திருப்பது ஏற்கத்தக்கதல்ல. 1853இல் கோம்ட்டை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவர் மார்ட்டினோ. அச்சுருக்கத்தைக் கோம்ட்டே தம் மாணவர்களுக்குப் பரிந்துரைத்தார். டுபாய்ஸ் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்தில் வீடுவீடாகச் சென்று கறுப்பின மக்களின் வாழ்வைக் கணக்கெடுத்து, 1899இல் ஆய்வாக வெளியிட்டார். துர்க்கைமின் புள்ளிவிவர ஆய்வுக்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது அது; அவர் மேசையில் அமர்ந்து அட்டவணைகளைப் படித்தார், இவர் படியேறிக் கதவைத் தட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பை வகுப்பு நழுவவிட்டுவிட்டது.

இந்தியப் பாடங்களில் எம். என். சீனிவாஸ் நன்றாகவே வருகிறார். கூர்க் மக்களைப் பற்றிய 1952ஆம் ஆண்டு நூலில் அவர் முன்வைத்த சமஸ்கிருதவயமாதல், கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதியின் வழக்கங்களைக் கைக்கொண்டு தம் இடத்தை உயர்த்திக்கொள்ள முயல்வதைக் குறிப்பது. அதன்மூலம் ஒரு சாதி இடம்மாறினாலும் படிக்கட்டு அப்படியே இருக்கும் என்பதை ஆசிரியர் அழுத்திச் சொல்கிறார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீவைப்பில் சீனிவாஸின் செம்மைப்படுத்திய களக்குறிப்புகள் எரிந்துபோனதும், அவர் நினைவிலிருந்தே தாம் ஆய்ந்த கிராமத்தை எழுதி 1976இல் வெளியிட்டதும் உணர்ச்சியோடு சொல்லப்படுகின்றன. ஆனால் அம்பேத்கர் அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்தவராக மட்டும் ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறார். 1916 மே 9 அன்று, தம் 25ஆம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் முடித்தல், என்று நிறுவி, சாதி என்பது அடைபட்ட வர்க்கம் என்றது. அகமணத்தைக் காக்கத்தான் கைம்மைக் கட்டுப்பாடும் குழந்தை மணமும் தேவைப்பட்டன என்று வாதிட்டது. மேல்சாதியைப் பார்த்துப் பிறர் போலச்செய்ததால் அது பரவியது என்றும் விளக்கியது. சமஸ்கிருதவயமாதலுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முந்திய இந்தக் கட்டுரையை ஒரு தமிழ் வகுப்பு விட்டுவிடுவதற்கு நியாயம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அதேபோல, இந்தியச் சமூகவியலர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டு, 1965இல் எழுதிய ஆய்வு ஒரு வினாவின் விடையாக மட்டுமே இவ்வகுப்பில் இடம்பெறுகிறது. வர்க்கம், மதிப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவையாயினும் வெவ்வேறானவை என்று வெபர் பிரித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, அக்கிரகாரத்தில் குவிந்திருந்த நிலமும் மதிப்பும் அதிகாரமும் தனித்தனியே பிரிந்து நகரத் தொடங்கியதைப் பெத்தேய் அங்கே கண்டார். வெபரின் மூன்றாம் பாடத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஸ்ரீபுரத்தை வைத்திருக்கலாம். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தோம். “அப்பா, நிலம் போனபிறகும் மரியாதை மட்டும் எப்படிக் கொஞ்ச காலம் நிற்குது?” என்று அவள் கேட்டாள். வெபர் தகுதிநிலையை வர்க்கத்திலிருந்து ஏன் பிரித்தார் என்பதை விளக்க அந்தக் கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சேவையைப் பற்றிச் சில செய்திகள். செயலி சீராக இயங்குகிறது. காணொளிகளைப் பதிவிறக்கி இணையம் இல்லாமலும் பார்க்கலாம். குறிப்பேடுகள் வருவதற்கு பதினெட்டு நாள் ஆயிற்று. இரண்டாம் தொகுதியில் எட்டுப் பக்கங்கள் இருமுறை அச்சாகி, அவற்றுக்கு உரிய எட்டுப் பக்கங்கள் இல்லாமல் இருந்தன. படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் வேறு படி அனுப்பினார்கள். எழுத்துரு சிறியது, நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படும். நேரடி உரையாடல்தான் இதில் மதிப்புள்ள பகுதி. ஐம்பது பேர் பதிந்திருந்தாலும் பத்துப் பேருக்கு மேல் வருவதில்லை என்பதால் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்கலாம். அந்த நேரங்களில் ஆசிரியர் காணொளியில் இருப்பவரைவிடப் பெரியவராகத் தெரிகிறார். ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால் கேள்வி கேட்க ஆள் இல்லாததால் அவரே கேள்வியை மறந்துவிடுகிறாரோ என்று தோன்றுகிறது.

பல்கலைக்கழகத் தேர்வுக்கோ அரசுப் பணித் தேர்வுக்கோ படிப்பவர்கள் இதை வாங்கலாம். ஆனால் கொள்குறி வினாக்களின் விடைகளை வேறிடத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு நோக்கமின்றிப் படிக்க விரும்புவோர், வரிசையைப் பின்பற்றாமல், முதலில் துர்க்கைமின் மூன்று பாடங்கள், பிறகு சமூகமயமாதல், பிறகு மெர்ட்டன், பிறகு சீனிவாஸ் என்று கேட்டுவிட்டு, அடிப்படைக் கருத்துகளுக்குக் கடைசியாக வரலாம். வெபரை மட்டும் இந்த வகுப்பில் கேட்க வேண்டாம்; அருகில் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் எவரேனும் இருந்தால் அவரிடம் ஒரு மாலை பேசிவிட்டு, நேராக நூலுக்குப் போகலாம். என் கடிதத்துக்கு வந்த மறுமொழியில், டார்வின் வினாவைத் திருத்திவிட்டதாகவும் ‘இலட்சிய வகை’ என்னும் சொல்லை அடுத்த அச்சில் மாற்றுவது பற்றிப் பேசி வருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். வினா திருத்தப்பட்டிருப்பதை நேற்றுச் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.